சொந்த மனையில் வீடு உள்ளவர்கள்

குடியிருப்போர் சங்கத்தை நடத்துகிறவருக்குப் பொழுது விடிவதே போன் சத்தத்தில்தான். மேல்தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்பது முதல் புகார். பத்து மணிக்கு டேங்கர் லாரிக்காரர் போன மாதத்துப் பாக்கியைக் கேட்டு வாசலில் நிற்பார். மத்தியானம், ஒரு வீட்டு நாய் இன்னொரு வீட்டுக் குழந்தையைத் துரத்திய பஞ்சாயத்து. வாடகைக்கு இருப்பவர் தன் உறவினர்களை நீச்சல் குளத்துக்கு அழைத்துவரலாமா என்று இரவில் வாட்ஸ்அப் குழுவில் தொடங்கும் பேச்சு, நள்ளிரவுக்குள் செயலரின் நேர்மையைப் பற்றிய விசாரணையாகியிருக்கும். சம்பளம் கிடையாது, நன்றியும் அரிது. ஆனாலும் இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். நாட்டுத் தேர்தலில் நமக்கு எதிராக ஓட்டுப் போட்டவரின் முகம் நமக்குத் தெரியாது. சங்கத்தில் எதிர்த்துக் கை தூக்கியவரோ மறுநாள் காலை நம் வீட்டைத் தாண்டித்தான் நடைபயிற்சிக்குப் போவார். அவரோடு ஒரே போர் தண்ணீரையும் ஒரே சாக்கடையையும் பகிர்ந்துகொண்டு வாழப் பழகுவதில்தான் குடியாட்சியின் அரிச்சுவடி இருக்கிறது.

நான் பெண்ணாடத்துக்காரன். பிழைப்புக்காகச் சென்னையின் தெற்குப் புறநகருக்கு வந்து, மதில் சூழ்ந்த தனிவீட்டுக் குடியிருப்பு ஒன்றில் சில ஆண்டுகள் செயலராக இருந்தேன். எங்களுக்கு இருந்தது ஒரு சிறு பூங்காதான். கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி வீடு கட்டி விற்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவை வெள்ளைக்காரர் காலத்துக் கிளப் மைதானங்கள். வீடுகளையும் மைதானத்தையும் ஒன்றாக விற்கும் முறையைப் பார்க்கப் பெங்களூர்ப் பக்கம் போக வேண்டும். பிடதியில் ஈகிள்டன், நந்தி மலையடிவாரத்தில் பிரெஸ்டீஜ் கோல்ஃப்ஷயர் என்று அங்கே பெயர்பெற்ற குடியிருப்புகள் உண்டு. அந்த நகரத்தின் புறத்தே இப்படியொரு குடியிருப்பில், அதன் பெயர் இங்கே வேண்டாம், எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் சங்கப் பொருளாளராக இருக்கிறார். அவருடைய அப்பா இறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். ஊர்ப் பழக்கத்தில் என்னை அண்ணே என்பார். எங்கள் பேச்சில் மோட்டாரும் நிலுவையும்தான் அதிகம் வரும். அந்தப் பேச்சிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

பதினெட்டுக் குழி மைதானம் ஒன்றுக்கு ஏறக்குறைய 120 முதல் 200 ஏக்கர் நிலம் வேண்டும். பந்து உருண்டுபோய்க் குழியில் விழும் பகுதியைக் கிரீன் என்கிறார்கள். அங்கே புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வளரவிடுவதில்லை. குனிந்து தொட்டுப் பார்த்தால் கைக்குப் புல்லாகவே தெரியாது, சமுக்காளத்தைத் தடவுவதுபோல் இருக்கும். பெர்முடா புல் என்று உலகமெங்கும் கோல்ஃப்காரர்கள் கொண்டாடும் இந்த இனம் தாவரவியலில் சைனோடன் டாக்டிலான், அதாவது நம் அருகம்புல். மைதானங்களில் நடுவது பெரும்பாலும் அதன் கலப்பினங்கள். எங்கள் ஊர் வெள்ளாற்றங்கரையில் அருகு கோடையில் காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், முதல் மழையில் தானே துளிர்க்கும், பிள்ளையாருக்குக் கிள்ளிப் போடலாம், ஆடு மேயலாம். அதற்கென்று யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. அதே இனத்தைச் சித்திரை வெயிலிலும் வழுவழுவென்று பச்சையாக நிறுத்திவைக்கத் தனிப் பம்பு அறை, நிலத்தடிக் குழாய்கள், தெளிப்பான்கள், உரம், பூஞ்சைக்கொல்லி, விடியுமுன் வெட்டும் இயந்திரத்தோடு வந்து நிற்கும் ஆட்கள் என்று ஒரு பெரிய ஏற்பாடு தேவைப்படுகிறது.

பொருளாளர் ஒருமுறை சொன்னார்: “ஊர்ல மழை பேஞ்சா சந்தோசப்படுவோம் அண்ணே. இங்க ரெண்டு நாள் சேர்ந்தாப்ல பேஞ்சா புல்லுல பூஞ்சை வந்துடும்னு பயம். பெய்யலன்னா தண்ணிக்குப் பயம். ரெண்டுக்கும் செலவு எழுதணும்.”

அந்தச் செலவை யார் எழுத வேண்டும் என்பதுதான் இத்தகைய குடியிருப்புகளில் ஓயாத வழக்கு. மைதானம் பெரும்பாலும் வீட்டுக்காரர்களின் சொத்தாக இருப்பதில்லை. கட்டிய நிறுவனத்துக்கோ கிளப்புக்கோ உரியது. வீடு வாங்கியவரின் கிரயப் பத்திரத்தில் மனையின் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சைக்கு விலை கொடுத்திருப்பார், ஆனால் அந்தப் பச்சை பத்திரத்தில் இருக்காது. அமெரிக்காவில் 2006க்குப் பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து, புதிதாகத் திறக்கப்பட்ட மைதானங்களைவிட மூடப்பட்டவையே அதிகம். மூடிய இடங்களில், புல்வெளியைப் பார்த்து வீடு வாங்கியவர்கள் புதர்க்காட்டின் முன்னால் நின்றார்கள். சில ஊர்களில் சங்கங்களே பணம் திரட்டி மைதானத்தை வாங்கின, சில ஊர்களில் நீதிமன்றம் போயின. சென்னைக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலுக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. 1940களில் 99 ஆண்டுக் குத்தகையாகத் தரப்பட்ட 160 ஏக்கர் அரசு நிலம் அது. வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று நீதிமன்றம் வரை போன விவகாரம், 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து பந்தயத் திடலின் வாசலுக்குப் பூட்டுப் போடுவதில் வந்து நின்றது. பிறகு வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைக் குறைப்பதற்காக அங்கே குளங்கள் வெட்டினார்கள். புல்வெளி யாருடையது என்ற கேள்விக்குக் கடைசியில் மழைநீரும் வந்து பதில் சொல்லும்போல.

நந்தி மலைப் பக்கத்தை எண்ணும்போது எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். தென்பெண்ணை பிறப்பது அந்த மலைத்தொடரில்தான். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று வந்து எங்கள் கடலூர் மாவட்டத்தில்தான் கடலில் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் சிக்பள்ளாப்பூர் மாவட்டத்திலும் பக்கத்துக் கோலாரிலும் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போய், பெங்களூரின் சாக்கடையைச் சுத்திகரித்துக் குழாய் வழியாகக் கொண்டுவந்து ஏரிகளை நிரப்பும் நிலைக்கு வந்துவிட்டார்கள். மதிலுக்குள் இருப்பவர் தன் போரிலிருந்து எடுப்பதாக நினைக்கும் தண்ணீர், மதிலுக்கு வெளியே இருக்கும் கிணற்றிலிருந்தும் வருகிறது. நிலத்தடி நீருக்கு எல்லைக்கல் தெரியாது. ஆனால் சங்கத்தின் ஆண்டறிக்கையில் தண்ணீருக்கு ஆன மின்கட்டணம் இருக்கும், டேங்கர் செலவு இருக்கும், தண்ணீர் எவ்வளவு என்பது இருக்காது.

சங்கம் நடத்தும் கலை, கணக்கு வைக்கும் கலைதான் என்று நான் சொல்வேன். விழா, கோலப் போட்டி, சுதந்திர தினக் கொடியேற்றம் எல்லாம் பிறகு. எங்களிடம் குடியிருப்பை ஒப்படைத்த நிறுவனம் குழாய் வரைபடத்தையே தரவில்லை. கழிவுநீர் எந்த வழியாகப் போகிறது என்பதைச் சாலையைத் தோண்டித்தான் தெரிந்துகொண்டோம். தோண்டிய செலவைக் கணக்கில் எழுதியபோது, ஏன் தோண்டினீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி எரிச்சலூட்டியது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. பொதுப்பணத்தில் கை வைத்தவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். சட்டமும் அதைத்தான் வேறு வேறு வாக்கியங்களில் சொல்கிறது. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் ஆண்டுக்கொரு பொதுக்குழுவையும் தணிக்கை செய்த கணக்கையும் கேட்கிறது. 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பாதிப்பேருக்கு மேல் முன்பதிவு செய்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வழிசெய்ய வேண்டும் என்று கட்டுநர் மேல் கடமை வைக்கிறது. அடுக்குமாடிகளுக்கென்று 2022இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மாதப் பராமரிப்புக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி, அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. செயலராக இருப்பவர் இதையெல்லாம் வேலைக்குப் போய்வந்த நேரம் போக இரவில் உட்கார்ந்து படிக்கிறார்.

இதில் புதிது எதுவுமில்லை என்று காட்ட உத்தரமேரூர் இருக்கிறது. அங்கே இருப்பவை சோழன் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்து எல்லாரும் பெருமைப்படுகிறோம். சங்கத்தில் உட்கார்ந்து பழகிய கண்ணோடு அந்தக் கல்வெட்டைப் படித்தால் வேறொன்று தெரிகிறது: அதை எழுதியவர்கள் சங்கத்தில் நொந்தவர்கள். வாரியத்தில், அதாவது ஊர்க் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வரக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று நீளும் உறவுப் பட்டியலில் யாரும் வரக்கூடாது. அனுபவப்பட்டவர்கள்தான் இப்படிப் பட்டியல் போடுவார்கள். கணக்குக் கேட்டபோது மைத்துனனை முன்னிறுத்திவிட்டுப் பின்னால் நின்றவன் ஒருவன் அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டில் பதவியில் இருந்தவர் பெயரும் குடத்தில் விழக்கூடாது. பதவிக்காலம் 360 நாள். ஓலையை எடுக்க, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன். அவன் எடுத்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். தண்ணீருக்கும் பச்சைக்கும் தனித்தனிக் குழு!

அந்தத் தகுதிப் பட்டியலின் தலைப்பிலேயே இருக்கிறது, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக இருக்க வேண்டும் என்பது. வேதம் கற்றிருக்கவும் வேண்டும். ஊர் பிரமதேயம், சபை அந்தணர் சபை, பெண்கள் கிடையாது. ஏரியில் தூர் வாரியவரும் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவரும் ஓலையில் இல்லை. வீட்டுக்காரர் சங்கம் என்ற வடிவத்தின் மேன்மையும் குறையும் ஒரே சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்குள் அவ்வளவு நுட்பமான நியாயம், வெளியே இருப்பவர் பேச்சே இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து எங்கள் சங்கத்துத் துணைவிதியைப் புரட்டினாலும் உறுப்பினர் என்பதற்கு முதல் தகுதி மனை உடைமைதான். வாடகைக்குப் பத்து வருடம் இருந்தவருக்கு ஓட்டில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஒருநாள்கூடத் தங்காதவருக்கு உண்டு. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, தோட்டக்காரர், கழிவுநீர் நிலையத்தை இரவெல்லாம் ஓட்டும் பையன், இவர்கள் பராமரிப்புச் செலவு என்ற தலைப்பின்கீழ் வருகிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஊர் கலிக்கம்ப நாயனாரின் கதை வந்து நிற்கும். அறுபத்து மூவரில் ஒருவர், பெண்ணாடத்து வணிகர். அடியார்களை வீட்டுக்கு அழைத்து, காலைக் கழுவி, சோறு போடுவது அவர் நோன்பு. ஒருநாள் வந்தவர்களில் ஒருவர் முன்பு அந்த வீட்டில் வேலை பார்த்துவிட்டு விலகிப்போனவர், இப்போது அடியார் கோலத்தில் வந்திருக்கிறார். நாயனார் அவர் காலைக் கழுவப் பிடித்தபோது கரகத்தோடு நின்ற மனைவி தண்ணீர் வார்க்கத் தயங்கினார். நம் வீட்டு வேலைக்காரனாக இருந்தவனாயிற்றே என்ற தயக்கம். நாயனார் கரகத்தை வாங்கிக்கொண்டு மனைவியின் கையை வெட்டிவிட்டுத் தானே தண்ணீர் வார்த்து உபசரித்தார். அந்த வெட்டை என்னால் ஏற்க முடியவில்லை, சிறு வயதில் கதை கேட்டபோதும் முடியவில்லை. ஆனால் வெட்டுக்கு ஒரு கணம் முன்னால் இருக்கிற தயக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த தயக்கம். வேலைக்காரர்களுக்குத் தனி வாசல் என்று தீர்மானம் கொண்டுவருகிறவர் கெட்டவர் அல்ல. தீபாவளிக்கு எல்லாருக்கும் புடவை எடுத்துத் தருகிறவர்தான். பூங்கா பெஞ்சில் வேலைக்கார அம்மா மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் மட்டும் அவருக்குக் கை தயங்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் செயலிகள்கூட வந்துவிட்டன. அவர்கள் நமக்கு மதிப்பெண் போட அதில் இடமில்லை.

தயங்கிய கையைப் பற்றி ஒரு கதை என்றால், தயங்கப்பட்டவர்கள் கூடிப் பேசிய கதையும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பெண்ணாடத்திலிருந்து ரயிலில் வடக்கே போனால் சிறிது நேரத்தில் விருத்தாசலம். இன்று பீங்கான் பொம்மைக்கும் ப்யூஸ் கட்டைக்கும் பேர்போன ஊர். அங்கே பழமலைநாதர் கோயிலில் 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. விஜயநகர ஆட்சிக்காலம். வலங்கை 98, இடங்கை 98 என்று இரு சாதி அணிகளாகத் தங்களுக்குள் பிரிந்துகிடந்தவர்கள் ஒன்றுகூடி எழுதிவைத்தது அது. அதிகாரிகளும், அவர்களோடு சேர்ந்துகொண்டு காணியாளரும் பிராமணரும் முறையில்லாமல் வரி வாங்குகிறார்கள், இனி அப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் அடைக்கலம் தரமாட்டோம், அவர்களுக்குக் கணக்கு எழுதமாட்டோம், அவர்கள் சொல்லுக்கு இணங்கமாட்டோம் என்பது அதன் சாரம். இணங்கிப் போகிற துரோகிக்குக் கடுமையான தண்டனையும் சொல்கிறது. அதே ஆண்டு கொறுக்கை என்ற ஊரிலும் இப்படியொரு தீர்மானம் கல்லில் ஏறியது. நாமெல்லாம் ஒன்றாக இல்லாததால்தான் நமக்கு அநியாயம் நடந்தது என்று அதில் தெளிவாகவே உணர்ந்து எழுதியிருக்கிறார்கள். நொபொரு கரஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளை ஒன்றோடொன்று வைத்துப் படித்துக் காட்டினார்கள். உத்தரமேரூரைக் கொண்டாடுகிற அளவுக்கு நாம் 1429ஐக் கொண்டாடவில்லை. எனக்கு அது ஒரு பெரிய குறையாகவே தோன்றுகிறது. கணக்கு எழுதமாட்டோம் என்பது எப்பேர்ப்பட்ட ஆயுதம் என்று சங்கத்தில் இருந்தவனுக்குத் தெரியும். செக்யூரிட்டி ஒருநாள் வாசல் பதிவேட்டை மூடிவைத்தால் போதும், மோட்டார் போடும் பையன் ஒரு காலை வராவிட்டால் போதும், மதிலுக்குள் இருக்கிற அத்தனை பேரும் எவ்வளவு நிராதரவானவர்கள் என்பது விளங்கிவிடும்.

யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை சங்கத்துக்கு எவ்வளவு தூரம் உண்டு? அமெரிக்காவில் வெள்ளையர் அல்லாதவருக்கு வீடு விற்கமாட்டோம் என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதும் வழக்கம் இருந்தது. அத்தகைய நிபந்தனையை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே 2005இல், அகமதாபாத்தின் பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற துணைவிதி செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் சேரும் உரிமையின் பெயரால் வந்த தீர்ப்பு. எண்ணிக்கையில் அருகிவரும் ஒரு சமூகத்தின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊருக்கு ஒரு சேரியை ஒதுக்கி வைத்தே பழகிய தேசத்தில் அந்தத் தீர்ப்பு யார் கைக்கெல்லாம் போகும் என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. சைவ உணவுக்காரருக்கு மட்டும் என்ற வாடகை விளம்பரத்தை வாசிக்கத் தெரிந்த எவருக்கும் அதன் பொருள் தெரியும்.

எல்லாவற்றையும்விட ஒரு செயலர் அஞ்ச வேண்டியது கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத்தான். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் முழுதாகத் தடை செய்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவதும் குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உயர்த்த வேண்டியிருந்தது என்பதே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. குடியிருப்புகளில் இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பம்பு அடைத்துக்கொள்ளும். ஒப்பந்தக்காரர் திங்கட்கிழமை வருவேன் என்பார். வீடுகளில் விருந்தாளி. குழுவில் கோபம் ஏறும். அப்போது ஒருவர், நல்ல மனிதர்தான், ஐந்நூறு ரூபாய் கொடுத்து யாரையாவது இறங்கிப் பார்க்கச் சொல்லலாமே என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு முடியாது என்று சொல்லி, ஒருநாள் முழுக்க எல்லாருடைய வசவையும் வாங்கிக்கொள்கிறவரே செயலர். கோல்ஃப் குடியிருப்புகளில் இந்தக் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் பெரும்பாலும் புல்லுக்குப் பாய்ச்சுகிறார்கள். செய்ய வேண்டியதுதான், நல்ல வழிதான். அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு தொட்டி இருக்கிறது, தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார் என்பது ஆண்டறிக்கையில் இடம்பெற வேண்டும் என்கிறேன்.

பெண்ணாடத்துக்குக் கோல்ஃப் வராது. ஆனால் வளைவு வாசல் வந்துவிட்டது. விருத்தாசலம் சாலையிலும் திட்டக்குடிச் சாலையிலும் நெல்லும் கரும்பும் விளைந்த வயல்களில் மஞ்சள் வெள்ளைக் கற்கள் நட்டு, கொடி கட்டி, நகர் என்று பெயர் வைக்கிறார்கள். வாங்குகிற நம் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடமும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடுகின்றன. பெரிய மனைப்பிரிவில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. சாலை பேரூராட்சியுடையதோ ஊராட்சியுடையதோ என்றால், அதன் குறுக்கே கேட் போட்டு ஊர்க்காரரை நிறுத்திப் பெயர் கேட்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? அந்தப் பூங்காவில் அடுத்த தெருப் பிள்ளை ஊஞ்சல் ஆடலாம். விரட்டுவது சட்டப்படியும் தவறு. எங்கள் பிரளயகாலேசுவரர் கோயிலின் தலபுராணத்தில் ஊழி வெள்ளம் வந்தபோது உயிர்கள் எல்லாம் அங்கே அடைக்கலம் புகுந்தன என்று வரும். வெள்ளத்தைத் தடுக்க நந்தி வாசலைப் பார்த்துத் திரும்பினார் என்பார்கள். உள்ளே வந்தவர் யார் என்று அவர் கேட்டதாகக் கதை இல்லை.

மதிலே கூடாது என்று நான் வாதிடவில்லை. பெண்பிள்ளைகள் இரவில் தனியாக நடக்க முடிகிற தெரு நம் ஊர்களில் எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும். வயதானவர்கள் மதிலுக்குள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். என் கோரிக்கை கணக்கைப் பற்றியது. மதிலைத் தாண்டிப் போகிற, தாண்டி வருகிற எல்லாவற்றுக்கும் எழுத்தில் கணக்கு வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எந்த ஆழத்திலிருந்து எடுத்தோம், எவ்வளவைத் திரும்ப மண்ணுக்குள் விட்டோம். குப்பை எங்கே போகிறது. ஒப்பந்தக்காரருக்குத் தரும் பணத்தில் தொழிலாளி கையில் எவ்வளவு சேர்கிறது, பிஎஃப் கட்டப்படுகிறதா. இதெல்லாம் தமிழில் எழுதி, வாசலுக்கு வெளிப்பக்கம், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரும் படிக்கிற உயரத்தில் ஒட்டப்பட வேண்டும். ஆண்டுக்கொரு முறை பொதுக்குழுவில் வேலை பார்ப்பவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். ஓட்டுரிமை தரச் சட்டம் இடம் கொடுக்காது, நாற்காலி போட இடம் கொடுக்கும்.

போனவாரம் பெங்களூர்ப் பொருளாளரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, தான் ஒரு தீர்மானம் எழுதிவைத்திருப்பதாகச் சொன்னார். மாதந்தோறும் எடுக்கிற நிலத்தடி நீரின் அளவைப் பக்கத்து ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுவது, வேலைக்கு வரும் பெண்களுக்கு வாசலருகே கழிப்பறையும் சாப்பிட ஓர் அறையும் கட்டுவது. இரண்டாவது ஒரே மூச்சில் நிறைவேறிவிட்டதாம். முதலாவதற்கு எதிர்ப்பு. அளவை வெளியே சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வீட்டு விலை இறங்கும், கிளப் எடுக்கிற தண்ணீருக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் பேசியிருக்கிறார்கள். மீட்டர் பொருத்துவது வரைக்கும் ஒப்புக்கொண்டு, ஒட்டுவதை அடுத்த பொதுக்குழுவுக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.

“மீட்டர் மாட்டியாச்சு அண்ணே,” என்றார். “நானே காலையில போய் ரீடிங் எழுதறேன். அடுத்த கூட்டத்துல மறுபடி வைப்பேன்.”